சர்க்கார் மேல் வழக்குப் போடலாமா?

புறப்படத் தயாராக நிற்கும் அரசுப் பேருந்தில் ஏறி, நீதிமன்ற அமீனா முன்கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டுவார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி அடுத்த வண்டிக்குப் போவார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'விபத்து இழப்பீடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி' என்று செய்தி வரும். தமிழ்நாட்டில் இந்தச் செய்தியை ஒருமுறையாவது படிக்காதவர்கள் குறைவு. படித்த கையோடு பலருக்கும் ஒரு குழப்பம் எழும். நீதிமன்றமும் சர்க்கார், பேருந்தும் சர்க்கார். அப்படியிருக்க ஒன்றின் சொத்தை இன்னொன்று எப்படி ஜப்தி செய்கிறது?

நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிப் போனால், நம் எல்லோர் மனத்திலும் ஊறிக்கிடக்கும் ஒரு பெரிய தவறான எண்ணத்தின் வேர் வரைக்கும் போய்விடலாம். 'சர்க்கார் மேல் வழக்குப் போட முடியாது, போட்டாலும் நிற்காது' என்பதே அந்த எண்ணம். சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் இரவில் ஒருவர் விழுந்து கால் முறிந்தால், குடும்பத்தார் ஒப்பந்தக்காரரைத் திட்டுவார்கள், விதியை நோவார்கள். பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்பவர்கள் அபூர்வம். கேட்கும் உரிமை இருப்பதே தெரியாததுதான் காரணம். அதனால் இதை அவசரப்படாமல் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, வழக்கில் எதிராளி யார் என்பது. நீதிமன்றத்துக்கு ஒரு பெயர் வேண்டும். காற்றில் பரவியிருக்கும் 'சர்க்கார்' என்ற ஒன்றின் மேல் வழக்குப் போட முடியாது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 300ஆவது பிரிவு அந்தப் பெயரைக் கொடுக்கிறது. மத்திய அரசு 'இந்திய ஒன்றியம்' என்ற பெயரிலும், மாநில அரசு அந்த மாநிலத்தின் பெயரிலும் வழக்குத் தொடரலாம். அதே பெயர்களில் அவற்றின் மேலும் வழக்குத் தொடரலாம். அரசின் மேல் வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு அரசியலமைப்பே இப்படி நேரடியாகப் பதில் சொல்லிவிட்டது. இன்னும் சிக்கலாக இருப்பது, எந்தெந்தச் செயலுக்கு அரசு பொறுப்பு என்பது. அதற்குச் சிறிது நேரத்தில் வருவோம்.

அரசு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டு பெயர்களுக்குள் அடங்காது. சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயர் ஒன்றுதான், விசேஷங்களில் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். ஆனால் தம்பி வாங்கிய கடனுக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி தனி ஆள். சென்னைக் குடிநீர் வாரியம் தனி ஆள். மின் பகிர்மானக் கழகம் தனி ஆள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தனி ஆள். உங்கள் ஊராட்சியும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயரும் சொந்தச் சொத்தும் சொந்தக் கடனும் உண்டு. சட்டம் இப்படிப்பட்ட அமைப்பைச் சட்டமுறை ஆள் என்று அழைக்கிறது. உயிர் இல்லாவிட்டாலும் வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கக்கூடியது என்று பொருள்.

இப்போது அந்தப் பேருந்து புரிந்துவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள். பங்குகள் அரசின் கையில் இருந்தாலும் நிறுவனம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் இப்படிப்பட்ட கழகங்களுக்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. தனியாக ஒரு நிதியை ஏற்படுத்தி வைத்திருந்தால், மற்ற வண்டிகளைப் போல மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை. தனியார் பேருந்து மோதினால் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். காப்பீடு இல்லாத கழகப் பேருந்து மோதினால் கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்து மாதங்கள் கழிந்தும் கட்டாவிட்டால், எந்தக் கடனாளிக்கும் நேர்வதுதான் கழகத்துக்கும் நேர்கிறது. சொத்து ஜப்தி ஆகிறது. நிலம் கையகப்படுத்தியதற்கு நீதிமன்றம் கூட்டிக் கொடுத்த தொகையைச் செலுத்தாததால் அரசு அலுவலகத்து ஜீப்பும் நாற்காலியும் ஜப்தியாவதும் இதே வழியில்தான்.

அப்படியானால் 'சர்க்கார் மேல் வழக்கு நிற்காது' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது வெறும் கட்டுக்கதை இல்லை. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அந்தச் சரித்திரம் கொல்கத்தாவில் ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது.

கித்தர்ப்பூர் கப்பல் துறை அப்போது அரசினுடையது. பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் என்ற கப்பல் கம்பெனியின் வேலையாள் ஒரு குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக நகரத்துக்குள் போகிறார். துறையின் தொழிலாளர்கள் கப்பல் கொதிகலன் வேலைக்கான ஒரு பெரிய இரும்புத் துண்டைச் சுமந்துகொண்டு சாலையைக் கடக்கிறார்கள். வண்டி வருவதைப் பார்த்து ஒதுங்கப் பார்த்தவர்கள், பதற்றத்தில் இரும்பைத் தொப்பென்று கீழே போட்டுவிடுகிறார்கள். சத்தத்தில் மிரண்டு பாய்ந்த குதிரை அந்த இரும்பிலேயே மோதிக் காயம்பட்டது. கம்பெனி 350 ரூபாய் நட்டஈடு கேட்டது. தொகை சின்னதுதான், ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி மிகப் பெரியது. அரசின் வேலையாள் வேலை நேரத்தில் கவனக்குறைவாக இருந்தால் அரசு பதில் சொல்லுமா?

இங்கிலாந்தில் அப்போது இதற்குப் பதில், 'சொல்லாது' என்பதுதான். அரசர் தவறே செய்ய முடியாது என்பது அங்கே பழைய சட்டக் கோட்பாடு. தவறு செய்ய முடியாதவர் மேல் தவறுக்காக வழக்கு எப்படி வரும்? இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. 1858 வரை இங்கே ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனி ஆட்சியும் செய்தது, வியாபாரமும் செய்தது. ஆட்சி அரசியின் கைக்கு மாறியபோது, கம்பெனி மேல் என்னென்ன வழக்குகள் போட முடிந்ததோ அவற்றையெல்லாம் புதிய அரசின் மேலும் போடலாம் என்று அந்த ஆண்டுச் சட்டத்தின் 65ஆவது பிரிவு சொன்னது. ஆகவே குதிரை வழக்கில் நீதிபதிகள் கேட்டுக்கொண்ட கேள்வி, இது கம்பெனியின் காலத்தில் நடந்திருந்தால் கம்பெனி பணம் கட்டியிருக்குமா என்பது.

1861இல் தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக் கட்டியிருக்கும் என்றார். கப்பல் பழுதுபார்ப்பது எந்தத் தனியாரும் செய்யக்கூடிய வேலை, அதில் தவறினால் அரசும் தனியாரைப் போலவே பொறுப்பு என்று தீர்ப்பானது. கப்பல் கம்பெனி ஜெயித்தது, அரசு தோற்றது. ஆனால் தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. ஆளும் அதிகாரம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய செயல்கள் சில உண்டு, போர் போன்றவை; அவற்றில் நேரும் தீங்குக்கு அரசு பொறுப்பாகாது என்றும் அதில் ஒரு கருத்து இருந்தது. குதிரைக்கு அந்தக் கருத்து தேவைப்படவில்லை. அது இல்லாமலே வழக்கு முடிந்திருக்கும். ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்தக் கருத்தைத்தான் இறுகப் பற்றிக்கொண்டார்கள். இறையாண்மைச் செயல் என்ற பெயரில் அது வளர்ந்து, அரசு ஒளிந்துகொள்ளும் கேடயமாயிற்று. அரசு தோற்ற ஒரு வழக்கின் ஓரத்தில் கிடந்த கருத்து, நூறு ஆண்டுக்கும் மேலாக அரசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்தபோது இதை மாற்றியிருக்கலாம். இங்கிலாந்தே 1947இல் தன் நாட்டுச் சட்டத்தை மாற்றி, முடியாட்சி அரசின் மேல் நட்டஈட்டு வழக்குப் போட வழி செய்துவிட்டது. நாமோ 1858இன் ஏற்பாட்டை 1915இலும் 1935இலும் தொடர்ந்து, அப்படியே 300ஆவது பிரிவுக்குள்ளும் கொண்டுவந்தோம். நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றும் வரைக்கும் பழைய நிலையே தொடரும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதாவது, இன்றும் அரசின் பொறுப்பை அளக்க நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலம் வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. குடியரசுக்கு இது பொருத்தமான அளவுகோல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. 1952இல் உதய்ப்பூரில், ஆட்சியரின் ஜீப்பைப் பழுதுபார்த்துத் திருப்பிக் கொண்டுவந்த ஓட்டுநர், நடைபாதையில் போன ஒருவர் மேல் மோதினார். அவர் இறந்துபோனார். மனைவியும் சின்னப் பெண்குழந்தையும் ராஜஸ்தான் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். இது வித்யாவதி வழக்கு என்று சட்ட நூல்களில் பேர்பெற்றது. ஆட்சியரின் அலுவல் வண்டி என்பதால் அது இறையாண்மைச் செயல் என்று அரசு வாதாடிப் பார்த்தது. 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடியரசு ஆகிவிட்ட நாட்டில் அரசரின் பழைய விலக்குக்கு இடமில்லை, முதலாளி தன் வேலையாளின் தவறுக்குப் பொறுப்பாவது போல அரசும் பொறுப்பு என்று சொன்னது. அந்தக் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் கிடைத்தது.

அதோடு விஷயம் தீர்ந்தது என்று நினைத்தவர்களுக்கு இரண்டே ஆண்டில் ஏமாற்றம் வந்தது. இந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் எண்ணத்துக்கு இன்று வரை உரம் போட்டுக்கொண்டிருப்பது இதுதான். 1947 செப்டம்பர், பிரிவினைக் காலம். அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்பதற்காக நள்ளிரவில் ஃபிரான்டியர் மெயிலில் மீரட்டில் வந்து இறங்குகிறார். கடைவீதியில் காவலர்கள் சந்தேகத்தின் பேரில் அவரைப் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கையிலிருந்த 103 தோலா தங்கம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 150 பவுன், பறிமுதல் ஆகிறது. மறுநாள் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். வெள்ளி திரும்பி வந்தது, தங்கம் வரவில்லை. காவல் நிலையக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

கஸ்தூரிலால் என்ற பெயரில் அறியப்படும் இந்த வழக்கில் உத்தரப் பிரதேச அரசு ஈடு செய்ய வேண்டுமா என்பது கேள்வி. காவல் துறை கவனக்குறைவாக இருந்தது என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. விலைமதிப்புள்ள பொருளைக் கருவூலத்தில் வைக்காமல் நிலையத்தில் வைத்திருந்ததே விதிமீறல். ஆனாலும் சந்தேக நபரைப் பிடிப்பதும் சொத்தைக் கைப்பற்றுவதும் இறையாண்மை அதிகாரத்தில் சேர்ந்தவை, ஆகவே அரசு பொறுப்பில்லை என்று 1964இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கருக்கே அது மனநிறைவு தரவில்லை. இங்கிலாந்து மாற்றிக்கொண்டுவிட்ட கொள்கையை நாமும் சட்டத்தால் மாற்ற வேண்டும் என்று அதே தீர்ப்பில் எழுதினார். சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கையே, 1956இல், இந்தப் பொருளைப் பற்றியதுதான். 1965இலும் 1967இலும் மசோதாக்கள் வந்தன, நிறைவேறாமலே காலாவதியாயின. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

கஸ்தூரிலால் தீர்ப்பை முறைப்படி யாரும் ரத்து செய்யவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக நீதிமன்றங்கள் வேறு வழி கண்டன. பிகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற ஒருவர், 1982 வரை சிறையிலேயே கிடந்தார். பதினான்கு ஆண்டுகள். ருதுல் ஷா வழக்கு என்று பெயர்பெற்ற அதில், 1983இல் தலைமை நீதிபதி சந்திரசூட், 'வேண்டுமானால் தனியாக நட்டஈட்டு வழக்குப் போடட்டும்' என்று கைகழுவவில்லை. அடிப்படை உரிமையை மீறியதற்கு அந்த மனுவிலேயே இடைக்காலத் தொகையாக 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். பிறகு 1993இல், ஒடிசாவில் காவலில் இருந்த 22 வயது மகனின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்ததைப் பற்றி ஒரு தாய் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன நீதிபதி ஜே.எஸ். வர்மா, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள அடிப்படை உரிமையை அரசு மீறும்போது இறையாண்மை என்ற கேடயம் செல்லாது என்று தெளிவாக்கினார்.

மறு ஆண்டே, 1994இல், உரமும் தானியமும் விற்ற ஆந்திர வியாபாரி ஒருவரின் வழக்கு வந்தது. அதிகாரிகள் அவருடைய சரக்கைக் கைப்பற்றி, கவனிக்காமல் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். கைப்பற்றும் அதிகாரம் இருப்பது வேறு, கைப்பற்றியதைப் பாழாக்குவது வேறு என்று கண்ட உச்ச நீதிமன்றம், அரசே ஈடு செய்ய வேண்டும் என்றது. மீரட் நகை வியாபாரிக்குக் கிடைக்காத நியாயம் முப்பது ஆண்டு கழித்து இன்னொரு வியாபாரிக்குக் கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கேடயத்தின் நிழல் போர், நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு போன்ற சில காரியங்களோடு சுருங்கிவிட்டது. சாலை போடுவது, மின்சாரம் தருவது, மருத்துவமனை நடத்துவது, வண்டி ஓட்டுவது எதுவும் அதன் கீழ் வராது.

வழக்கு நிற்கும் என்பது தெளிவாகிவிட்டது. நின்ற வழக்கு ஜெயிக்க என்ன வேண்டும்? இங்கே இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1951இல் தில்லி சாந்தினி சௌக்கில் நகராட்சியின் பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் இறந்தார்கள். கட்டடத்துக்கு எண்பது வயது. அந்த வகைக் கட்டுமானம் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுதான் தாங்கும் என்று சாட்சியம் வந்தது. நடுத்தெருவில் நிற்கும் கோபுரம் தானாக விழுகிறதென்றால், கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அதை வைத்திருந்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1966இல் சொன்னது. நகராட்சி தோற்றது. ராஜ்கோட்டிலோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மேல் சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். அந்தக் குடும்பம் கீழே ஜெயித்தும், 1997இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மரம் விழும் நிலையில் இருந்ததை மாநகராட்சி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பது நிறுவப்படவில்லை என்பது முக்கியக் காரணம்.

ராஜ்கோட் தீர்ப்பு அந்தக் குடும்பத்துக்குக் கடுமையானது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் புதிதாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. 'எங்கள் தெரு முனையில் புளியமரம் பட்டுப்போய்ச் சாய்ந்திருக்கிறது' என்று ஒருவர் மனு கொடுத்து, ரசீது வாங்கி வைக்கிறார். மரம் வெட்டப்படாமல் இருக்கலாம். ஆனால் அந்த ரசீது தேதியிலிருந்து நிர்வாகம் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. மனு கொடுப்பது வீண் வேலை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மனு ஒரு வேண்டுகோள் மட்டுமல்ல, பின்னால் சாட்சியாகவும் நிற்கும். அந்தத் தாளின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

மின்சாரத்துக்கு மட்டும் கணக்கு வேறு. மத்தியப் பிரதேசத்தில் மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டு, சைக்கிளில் வீடு திரும்பிய ஒருவர் இறந்தார். யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பி என்று மின் வாரியம் வாதாடியது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றைக் கையாள்பவர், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தப்பி வெளியே வந்து செய்யும் தீங்குக்குப் பொறுப்பு என்றது. சட்டத்தில் இது கண்டிப்பான பொறுப்பு எனப்படும். மழைக்காலத்தில் நம் ஊர்களில் அறுந்து விழும் கம்பிகளை நினைத்தால் இந்தத் தீர்ப்பின் அருமை விளங்கும்.

'நிதி இல்லை' என்ற பதிலும் நமக்குப் பழக்கமானது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சியும் அதைத்தான் சொன்னது. திறந்த சாக்கடையும் மலமும் ஆலைக் கழிவும் ஓடிய தெருவில் வாழ்ந்த மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவின் கீழ்க் கோட்ட நடுவரிடம் போனார்கள். பொதுத்தொல்லையை அகற்ற ஆணையிட அவருக்கு அதிகாரம் உண்டு. நம் ஊரில் அந்த நாற்காலியில் இருப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்டப்படியான அடிப்படைக் கடமைக்குப் பணமில்லை என்பது சாக்காகாது என்று தீர்ப்பளித்து, வேலையைக் காலக்கெடு வைத்து முடிக்கச் சொன்னார். அந்த 133ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவாக இருக்கிறது. வக்கீல் வட்டாரத்துக்கு வெளியே இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

சரி, நம் தெருப் பள்ளத்துக்கு வருவோம். அது யாருடைய சாலை? மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கிராமத்துக்குள் ஊராட்சியா, ஊராட்சி ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா என்பது வெளியிலிருந்து தெரியாது. தோண்டியது குடிநீர் வாரியமா, மின் கழகமா, தொலைபேசி நிறுவனமா என்பதும் தெரியாது. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். இங்கேதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு கைகொடுக்கிறது. தவறான அலுவலகத்துக்கு மனு அனுப்பினாலும், சரியான அலுவலகத்துக்கு அதை ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்பி உங்களுக்குத் தெரிவிப்பது வாங்கியவரின் கடமை. கட்டணம் பத்து ரூபாய். சாலை யார் பராமரிப்பில் இருக்கிறது, தோண்ட யாருக்கு அனுமதி தரப்பட்டது, ஒப்பந்தக்காரர் யார், அனுமதியில் தடுப்பும் விளக்கும் வைக்கும் நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். வழக்கின் பாதி இந்தப் பதிலில் இருக்கும்.

எதிராளி மாநில அரசோ மத்திய அரசோ ஆனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. வழக்குக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாநில அரசுக்கு என்றால் அரசுச் செயலருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ, ரயில்வே என்றால் பொது மேலாளருக்கோ கொடுக்கலாம். என்ன நடந்தது, யார் கேட்கிறார்கள், என்ன வேண்டும் என்பது அதில் இருந்தால் போதும். நீதிமன்றத்துக்குப் போகாமலே நியாயத்தைச் செய்ய அரசுக்கு ஒரு வாய்ப்பு என்பதே இதன் நோக்கம். நடப்பில் பெரும்பாலான அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2005இல் வருத்தப்பட்டிருக்கிறது. அவசரமான தடை ஆணை வேண்டியிருந்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு காத்திராமலே வழக்குப் போடலாம். நகராட்சிக்கும் வாரியங்களுக்கும் அவரவர் சட்டத்தில் தனி அறிவிப்பு விதிகள் இருக்கலாம். அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காலவரம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டப்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ, செய்யத் தவறியதற்கோ நட்டஈடு கேட்க வரம்புச் சட்டம் ஓராண்டுதான் தருகிறது. அறிவிப்புக்கான இரண்டு மாதம் அந்த ஓராண்டுக் கணக்கில் சேராது என்பது ஒரு சலுகை. கட்டுப் பிரிக்கட்டும், காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, நியாயமான வழக்குகள் நாள் கடந்து செத்துப்போகின்றன. செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். மின்சாரம், குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, போக்குவரத்து போன்ற சேவைகளைப் பற்றிய தகராறுகளை நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, துக்க வீட்டுக்கு வரும் காசோலையைப் பற்றி ஒன்று. பொது நிவாரண நிதியிலிருந்து முதலமைச்சர் அறிவிக்கும் தொகையைப் பலர் இழப்பீடு என்றே நினைத்துவிடுகிறார்கள். அது கருணைத்தொகை. யாருக்குப் பொறுப்பு என்ற கேள்விக்குள் போகாமல், ஆதரவாகக் கொடுப்பது. அதை வாங்கிக்கொள்வதால் மட்டும் சட்டப்படி இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. கை நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நாலு தாள்களில் கையெழுத்துக் கேட்பார்கள், அப்போது அந்தக் குடும்பத்துக்குப் படிக்கத் தோன்றாது. அதனால் உடன் நிற்கும் மாமாவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எங்காவது எழுதியிருந்தால், வக்கீல் ஒருவரைக் கேட்கும் வரை அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.